டூப்ளிகேட் என்னும் வசை: வார்சாவின் பழைய நகரை முன்வைத்து

வார்சாவின் அரண்மனைச் சதுக்கத்தில், அரசர் மூன்றாம் ஜிக்முந்தின் தூணடியில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மே மாதத்து வெயில். நம் மார்கழி வெயிலைக் காட்டிலும் இதமானது. என்னை அழைத்து வந்தவன் 15 ஆண்டுகளுக்கு முன் எங்கள் கல்லூரியில் கணினி அறிவியல் படித்தவன். பொதுத்தமிழ்த் தாளுக்கு என்னிடம் பாடம் கேட்டவன். இப்போது அந்நகரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பணியாற்றுகிறான். நான் கண்கொட்டாமல் பார்ப்பதைக் கண்டு அவனுக்கு ஏனோ சங்கடமாகிவிட்டது.

“சார், ரொம்ப ஆசையாப் பாக்காதீங்க. இங்க எல்லாமே டூப்ளிகேட். 1953ல கட்டினது. நெஜமான பழைய ஊர் பாக்கணும்னா நாளைக்கு ரயில் ஏறி க்ராகோவ் போயிடலாம்.”

அவன் நல்ல பிள்ளை. ஆசிரியருக்குப் போலிச் சரக்கைக் காட்டிவிட்டோமே என்ற குற்றவுணர்வுதான் அவனை அப்படிப் பேசவைத்தது. ஆனால் அந்தக் கருத்து அவனுடையதன்று. ஐரோப்பா சென்றுவந்து எழுதும் நம் பயணக் கட்டுரையாளர்கள் பலரிடம் அதைப் படித்திருக்கிறேன். ப்ராகுக்குப் பத்துப் பக்கம் ஒதுக்குவார்கள். வார்சாவுக்கு ஒரு பத்தி. அந்த ஒரு பத்தியிலும் ‘சினிமா செட்’ என்ற உவமை தவறாமல் வந்துவிடும். அண்மையில் ஓர் இலக்கியக் கூட்டத்துக்குப் பிந்தைய தேநீர்ப் பேச்சில், நான் பெரிதும் மதிக்கும் மூத்த வாசகர் ஒருவர், ‘உள்ளீடற்ற முகமூடி’ என்று அவ்விடத்தைக் குறிப்பிட்டார். அவர் அங்கே தங்கியது அரைநாள். நான் தங்கியதும் ஒன்பது நாட்கள்தாம். எனினும் இந்த வசையை மறுக்கவேண்டும் என்று தோன்றுகிறது. மறுப்பதோடு, அந்நகரைத் திட்ட விரும்புவோர் எதற்காகத் திட்டலாம் என்பதையும் சொல்லவேண்டும்.

முதலில், அங்கே என்ன நடந்தது?

1944 ஆகஸ்ட் 1 அன்று போலந்தின் தலைமறைவுப் படை வார்சாவில் நாஜிகளுக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தது. 63 நாட்கள் போர். பழைய நகரம் செப்டம்பர் 2 அன்று வீழ்ந்தது. அங்கே சிக்கியிருந்த போராளிகளில் ஆயிரக்கணக்கானோர் கழிவுநீர்ப் பாதைகளுக்குள் இறங்கி, இருளில் இடுப்பளவு சாக்கடையில் நடந்து தப்பினர். அக்டோபர் 2 அன்று கிளர்ச்சி சரணடைந்தது. எஞ்சியிருந்த மக்கள் அனைவரும் நகரைவிட்டு விரட்டப்பட்டனர்.

போரில் குண்டு விழுந்து அழிந்த நகரங்கள் ஐரோப்பாவில் பல உண்டு. வார்சாவின் கதி அந்த வகையைச் சேர்ந்ததன்று. சண்டை ஓய்ந்த பின், ஆளரவமற்ற ஊருக்குள், தீ வைப்பதற்கும் வெடி வைப்பதற்கும் என்றே அமைக்கப்பட்ட படைப்பிரிவுகள் தெருத்தெருவாக, வீடுவீடாகச் சென்று வேலை பார்த்தன. நூலகங்களும் ஆவணக் காப்பகங்களும் தனிக் கவனத்தோடு எரிக்கப்பட்டன. இராணுவ நோக்கில் இதனால் எள்ளளவும் பயனில்லை. ஒரு மக்கள்கூட்டம் இங்கே வாழ்ந்தது என்பதற்குச் சாட்சி இருக்கக்கூடாது என்பதே நோக்கம். 1945 ஜனவரி 17 அன்று சோவியத் படைகளும் அவற்றோடு போரிட்ட போலந்துப் படையும் உள்ளே நுழைந்தபோது, நகரின் வரலாற்று மையத்தில் 85 விழுக்காட்டுக்கும் மேல் அழிந்து கிடந்தது.

தலைநகரை வேறு ஊருக்கு மாற்றிவிடலாமா என்றுகூட அப்போது யோசித்தார்கள். இடிபாடுகளை அப்படியே நினைவுச்சின்னமாக விட்டுவிடலாம் என்றவர்களும் உண்டு. பழையதை மறந்து முற்றிலும் நவீனமான நகரம் ஒன்றை எழுப்பலாம் என்ற கட்டடக் கலைஞர்கள் வலுவான தரப்பாகவே இருந்தனர். இவர்களுக்கிடையே யான் ஸக்வாதோவிச் என்ற பேராசிரியர் எடுத்த நிலைப்பாடு முக்கியமானது. பழஞ்சின்னங்களைப் பாதுகாக்கும் துறையில் அதுவரை ஐரோப்பா ஏற்றிருந்த அடிப்படை நெறி, இருப்பதைக் காப்பாற்று, இல்லாததைப் புனையாதே என்பது. ஸக்வாதோவிச் அந்த நெறியில் ஊறியவர். அப்படிப்பட்டவர் 1946இல் எழுதுகிறார்: திட்டமிட்டுப் பறிக்கப்பட்ட பண்பாட்டுச் சின்னங்களை இழந்தோம் என்று நம்மால் ஒப்புக்கொள்ள இயலாது, அவற்றை மீண்டும் எழுப்புவோம், இதனால் நம் துறையின் நெறிக்கே ஒரு பொய்மையைச் செய்கிறோம் என்பதை முழுக்க அறிந்தே செய்கிறோம். அவர் கருத்தின் சாரம் இது. இதை நம் பயணக் கட்டுரையாளர்களுக்கு அடிக்கோடிட்டுக் காட்ட விரும்புகிறேன். நீங்கள் அரைநாளில் ‘கண்டுபிடித்த’ உண்மையை, கட்டியவர் ஒரு செங்கல் வைப்பதற்கு முன்பே எழுதிக் கையொப்பமிட்டிருக்கிறார்.

போலி என்பது தன்னை மறைப்பது. மறைக்காத ஒன்றை எப்படிப் போலி என்பது?

எதை வைத்துக் கட்டினார்கள் என்ற கதை, கல்லூரி ஆசிரியனான எனக்கு எல்லாவற்றையும்விட நெருக்கமானது. சுற்றுலா வழிகாட்டிகள் பெர்னார்டோ பெலோட்டோவின் ஓவியங்களைப் பார்த்துக் கட்டினார்கள் என்பார்கள். வெனிஸ் ஓவியர் கனலெட்டோவின் மருமகன் அவர். மாமன் பெயரிலேயே போலந்தில் அறியப்பட்டவர். 18ஆம் நூற்றாண்டில் வார்சா அரசவையின் ஓவியராக இருந்து 1780இல் அங்கேயே மறைந்தார். அவருடைய வார்சாக் காட்சிகள் போரில் கொள்ளைபோய் மீண்டு, இன்று அரண்மனையில் தொங்குகின்றன. நேரில் கண்டேன். ஜன்னல்களை எண்ணிவிடலாம், அத்தனை நுணுக்கம். ஆனால் அவர் பெரும்பாலும் தீட்டியது மதிலுக்கு வெளியே உள்ள அகன்ற வீதிகளை. போதாக்குறைக்கு, காட்சி அழகுக்காகக் கட்டடங்களைச் சற்று மாற்றியும் வரைவார். அவரை மட்டும் நம்பிப் பழைய நகரைக் கட்டியிருக்க முடியாது.

கட்ட உதவியவை மாணவர்களின் பயிற்சித் தாள்கள். வார்சாப் பல்தொழில்நுட்பக் கல்லூரியில் ஒஸ்கார் சொஸ்னோவ்ஸ்கி என்ற பேராசிரியர் நிறுவிய போலந்துக் கட்டடக்கலைப் பிரிவின் மாணவர்கள், போருக்கு முந்தைய ஆண்டுகளில் பழைய வீடுகளை ஒவ்வொன்றாக அளந்து வரைந்திருந்தார்கள். கதவு நிலை, மாடிப்படி, உத்தரம், சாளர வளைவு எல்லாவற்றுக்கும் அளவு உண்டு. சொஸ்னோவ்ஸ்கி 1939 முற்றுகையில் காயமுற்று இறந்தார். நாஜி ஆக்கிரமிப்பின்போதும் அந்த வேலை கமுக்கமாகத் தொடர்ந்தது. நகரம் எரிந்துகொண்டிருந்த 1944ஆம் ஆண்டின் இறுதியில் அந்தத் தாள்களை வெளியே கொண்டுசென்று பியோத்ர்கூஃப் என்ற ஊரின் மடாலயத்தில் ஒளித்துவைத்தார்கள். நம் மாணவர்களின் ஒப்படைவுத் தாள்கள் ஆண்டு முடிவில் எடைக்குப் போவதைப் பார்த்துப் பழகிய எனக்கு இதைக் கேட்டபோது தொண்டை அடைத்தது. மதிப்பெண்ணுக்காக எவனோ ஒரு பத்தொன்பது வயதுப் பையன் அலுத்துக்கொண்டே வரைந்த ஒரு வாசற்படியின் அளவு, அந்த வாசற்படி மண்ணோடு மண்ணான பின் அதன் ஒரே சாட்சியாகிறது.

1949இல் வேலை முறையாகத் தொடங்கியது. இடிபாடுகளைச் சலித்து, பிழைத்த செதுக்குக் கற்களைப் பொறுக்கிப் புதுச் சுவர்களில் பதித்தார்கள். நாடு முழுவதும் நன்கொடை திரட்டப்பட்டது. 1953 ஜூலை 22 அன்று சந்தைச் சதுக்கம் திறக்கப்பட்டது. அரண்மனைக்கு மேலும் காத்திருக்க வேண்டியிருந்தது. அரசு 1971இல்தான் இசைவு தந்தது. 1939 செப்டம்பர் 17 அன்று குண்டுவீச்சில் தீப்பற்றியபோது அரண்மனைக் கோபுரத்தின் கடிகாரம் 11:15 மணிக்கு நின்றுபோயிருந்தது. 1974இல் புதிய கடிகாரத்தை அதே 11:15இலிருந்து ஓடவைத்தார்கள். இதை மிகையுணர்ச்சி என்று சிலர் சொல்லக்கூடும். சொல்லிக்கொள்ளட்டும்.

‘நிஜமான’ பழமையைத் தேடி ஓடுகிறவர்களிடம் சில கேள்விகள். வெனிஸில் புனித மாற்கு சதுக்கத்தின் மணிக்கோபுரத்தின் முன் படமெடுத்துக்கொண்டு வந்தீர்களே, அது 1902 ஜூலை 14 அன்று அப்படியே சரிந்து விழுந்தது என்பதும் 1912இல் திறக்கப்பட்ட மறுகட்டுமானத்தின் முன்தான் நீங்கள் நின்றீர்கள் என்பதும் உங்கள் கட்டுரையில் ஏன் இல்லை? ப்ரஸ்ஸல்ஸின் பெருஞ்சதுக்கத்தை வியந்து எழுதினீர்கள். 1695 ஆகஸ்டில் பிரெஞ்சுப் பீரங்கிகள் அதைச் சாம்பலாக்கின. அங்குள்ள வீடுகளில் பெரும்பாலானவை அடுத்த சில ஆண்டுகளில் எழுந்தவை. உங்கள் ப்ராகிலேயே, யூதர் வாழ்ந்த யோசெஃபோவ் பகுதியில் சில தொழுகைக்கூடங்களையும் கல்லறையையும் விட்டுவைத்து, மற்றவற்றை 1890களில் தொடங்கி இடித்துத் தள்ளிவிட்டுப் பாரிஸ் பாணி மாளிகைகளை எழுப்பினார்கள். அந்த மாளிகைகளைத்தான் ‘காஃப்கா உலவிய தெருக்கள்’ என்று நெகிழ்ந்து எழுதுகிறோம். ஆக, மறுகட்டுமானம் உங்களுக்குப் பிரச்சினை இல்லை. அது நிகழ்ந்து போதிய காலம் ஆகவில்லை என்பதுதான் பிரச்சினை. பழமைக்கு இவ்வளவு மலிவான அளவுகோலா?

தமிழ் படித்தவர்கள் இந்தக் கேள்வியில் சற்றுக் கூடுதலாகவே நிதானிக்கவேண்டும். நம் கையிலுள்ள சங்க நூல்களின் ஏடுகளில் ஒன்றுகூடச் சங்க காலத்தது அன்று. ஓலை சில நூறு ஆண்டுகளில் மட்கிவிடும். படியெடுத்து, அந்தப் படியிலிருந்து படியெடுத்து, செல்லரித்த இடத்தை ஊகித்து, எழுதுவோர் பிழையையும் சுமந்துகொண்டு வந்து சேர்ந்தவை அவை. உ.வே.சாமிநாதையர் 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்தபோது செய்தது என்ன? கிடைத்த ஏடுகளை ஒப்பிட்டு, பாடம் தேர்ந்து, ஒரு பனுவலை மீட்டுக் கட்டினார். ‘1894ல அச்சடிச்ச டூப்ளிகேட்’ என்று யாராவது சொன்னால் நாம் சும்மா இருப்போமா? ஸக்வாதோவிச் செய்ததையும் நான் பதிப்புப் பணியாகவே பார்க்கிறேன். மாணவர் வரைபடங்கள் அவருடைய ஏட்டுப் பிரதிகள்.

வரைபடங்களின் கதையைச் சொன்னபோது என் மாணவன் கவனமாகக் கேட்டான். பிறகு, “அப்போ இது ஒரிஜினல்னே வெச்சுக்கலாமா சார்?” என்றான். அதுவும் கூடாது என்றேன். பாவம், அவன் குழம்பிப்போனான்.

இந்த இடத்தில் எதிர்த்தரப்பின் கைக்கும் ஒரு தடியைக் கொடுத்தாக வேண்டும். ‘இருந்தது இருந்தபடி’ என்று பெருமிதத்தோடு சொல்லும் கூட்டமும் அங்கே உண்டு. விளம்பரத் துண்டறிக்கைகளின் மொழி அது. அது உண்மையன்று. புனித யோவான் பேராலயத்தின் முகப்பைப் பாருங்கள். 1939இல் அங்கே இருந்தது 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்துக் கோதிக் சாயலில் அமைத்த முகப்பு. போருக்குப் பின் அதை விட்டுவிட்டு, மசோவியப் பகுதியின் பழைய செங்கல் கோதிக் எப்படி இருந்திருக்கும் என்று ஊகித்து ஸக்வாதோவிச் புதிதாக ஒன்றை வடிவமைத்தார். அழிந்ததைவிடப் பழமையாகத் தோன்றும் ஒன்று! பார்பிகன் என்ற கோட்டை வாயிலின் பெரும்பகுதி போருக்கு வெகுகாலம் முன்பே மறைந்துபோயிருந்தது. 1950களில் பழைய செதுக்குப் படங்களைப் பார்த்து அதை எழுப்பினார்கள். வீடுகளின் பின்கட்டுகளில் நெருக்கியடித்துக்கொண்டிருந்த இருண்ட குடியிருப்புகளைத் திரும்பக் கட்டவில்லை. முற்றங்களைக் காற்றோட்டமாகத் திறந்துவிட்டார்கள். முகப்பு 17ஆம் நூற்றாண்டு வணிகனுடையது. உள்ளே கழிப்பறையும் வெந்நீரும் கொண்ட 1950களின் குடியிருப்பு. சதுக்கத்தையொட்டிய ஒரு பழைய வீட்டுக்குள் நுழைந்தால், 1949இல் அமைத்த நகரும் படிக்கட்டு உங்களை அடியில் ஓடும் சுரங்கச் சாலைக்கு இறக்கிவிடுகிறது. சந்தைச் சதுக்கத்தின் நடுவில் வாளேந்தி நிற்கும் கடற்கன்னி சிலைகூட நகல்தான்; மூலம் அருகிலுள்ள அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

செங்கல்லுக்கும் ஒரு கதை உண்டு. இடிபாட்டில் கிடைத்தவை போதவில்லை. அதுவரை ஜெர்மனியின் ப்ரெஸ்லாவாக இருந்து போருக்குப் பின் போலந்தோடு சேர்ந்த வ்ரோத்ஸ்வாஃப் போன்ற நகரங்களில் சிதைந்த கட்டடங்களையும், செப்பனிட்டிருக்கக்கூடிய கட்டடங்களையும் பிரித்துச் செங்கற்களை ரயிலேற்றினார்கள். ஓர் ஊரின் பழமையை எழுப்ப இன்னோர் ஊரின் பழமையைத் தின்றார்கள். இதையும் நிறுவனங்கள் முற்றாக மறைத்துவிடவில்லை. யுனெஸ்கோ 1980இல் இந்த இடத்தை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது, 13ஆம் நூற்றாண்டிலிருந்து 20ஆம் நூற்றாண்டு வரையிலான வரலாற்றை ஏறத்தாழ முழுமையாக மறுகட்டுமானம் செய்ததற்காகவே சேர்ப்பதாகச் சொன்னது. பட்டியலுக்குள் நுழைந்தது மறுகட்டுமானம் என்ற செயல்.

எல்லா மறுகட்டுமானத்தையும் நான் ஆதரிப்பதாக நினைக்கவேண்டாம். ஃப்ராங்க்ஃபர்ட்டில் 2018இல் ஒரு ‘புதிய பழைய நகரம்’ திறந்தார்கள். 1970களின் மாநகராட்சிக் கட்டடம் ஒன்றை இடித்துவிட்டு, 35 வீடுகள். அவற்றில் 15 பழையவற்றின் மறுவடிவங்கள். குண்டுவீச்சு நிகழ்ந்து 70 ஆண்டுகளுக்கு மேல் கழிந்து, இடையில் நடந்ததெல்லாம் நடக்காததுபோல் ஒரு சுகமான பழமையை வரவழைத்துக்கொள்ளும் முயற்சி அது என்று ஜெர்மனியிலேயே கடுமையான விவாதம் எழுந்தது. வார்சா அப்படியன்று. வார்சாவில் கட்டியவர்கள் இடிந்ததைத் தம் கண்ணால் கண்டவர்கள்.

அப்படியானால் வார்சாவின் மீது புகாரே இல்லையா? இருக்கிறது. அதைச் சொல்வதற்காகவே இவ்வளவு நேரம் சுற்றி வந்தேன்.

பழைய நகரின் மதிலிலிருந்து மேற்கே கால் மணி நேரம் நடந்தால் முரானுஃப் என்ற பகுதி. போருக்கு முன் வார்சாவின் மக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் யூதர். அவர்களுடைய வாழ்வின் மையம் இந்தத் தெருக்கள். அச்சகம், நாளிதழ், நாடகம், தறி, தொழுகை, தொழிற்சங்கம் எல்லாம் யித்திஷ் மொழியில் கொப்பளித்த இடம். 1940 நவம்பரில் இதைச் சுற்றி நாஜிகள் சுவரெழுப்பி 4 லட்சத்துக்கும் மேற்பட்டோரை உள்ளே அடைத்தனர். 1942 கோடையில் மட்டும் 2.5 லட்சத்துக்கும் மேற்பட்டோர் ட்ரெப்லிங்கா கொலைமுகாமுக்கு ரயிலேற்றப்பட்டனர். 1943 ஏப்ரல் 19 அன்று எஞ்சியோர் ஆயுதமேந்தினர். மே 16 அன்று பெருந்தொழுகைக்கூடத்தை வெடிவைத்துத் தகர்த்து ‘வெற்றி’யை அறிவித்தார்கள் நாஜிகள். பிறகு அந்தப் பகுதி முழுவதையும் தரையோடு தரையாக்கினார்கள். பழைய நகரில் ஓரளவு சுவர்களாவது எஞ்சின. இங்கே செங்கல் கடல் மட்டுமே கிடந்தது.

சாட்சியே இருக்கக்கூடாது என்ற அதே நோக்கம், இன்னும் முழுமையாக நிறைவேற்றப்பட்ட இடம் இது. ‘பறித்ததை இழந்தோம் என்று ஒப்புக்கொள்ள மாட்டோம்’ என்ற முழக்கம் இங்கே ஏன் ஒலிக்கவில்லை? நலெவ்கி என்ற பெருங்கடைத்தெரு ஏன் திரும்பி வரவில்லை? பெருந்தொழுகைக்கூடம் இருந்த இடத்தில் 1991இல் முடிந்த ஒரு நீலக் கண்ணாடி அடுக்குமாடி நிற்கிறது. ஐசக் பாஷெவிஸ் சிங்கரைப் படித்துவிட்டு க்ரோக்மால்னா தெருவைத் தேடிப் போனேன். இலக்கிய வாசகனுக்குரிய மடமை. பெயர்ப் பலகை இருக்கிறது. பல மாடிக் குடியிருப்புகள் இருக்கின்றன. தெரு இல்லை.

எதிர்வாதம் எனக்குத் தெரியும், அது எளிதில் தள்ளத்தக்கதும் அன்று. யாருக்காகக் கட்டுவது? வாழ்ந்தவர்களைக் கொன்றுவிட்டார்கள். ஆளில்லாத தொழுகைக்கூடங்களையும் யித்திஷ் பெயர்ப்பலகைகளையும் எழுப்பி நிறுத்தினால் அதுவல்லவா உண்மையான சினிமா செட்? ஆம். முரானுஃபைத் திரும்பக் கட்டியிருக்கவேண்டும் என்று நான் சொல்லவில்லை. மறுபடி நம் பதிப்பாசிரியரிடம் போகிறேன். புறநானூற்றில் 267, 268ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை. பதிற்றுப்பத்தில் முதற்பத்தும் பத்தாம் பத்தும் இல்லை. உ.வே.சா. அவற்றைப் புனைந்து நிரப்பவும் இல்லை. எண்களை இழுத்து மாற்றி இடைவெளியை மறைக்கவும் இல்லை. சிதைந்த அடிகளுக்குப் புள்ளியிட்டார். அந்தப் புள்ளிகளைப் பார்க்கும்போதெல்லாம் இங்கே ஒன்று இருந்தது, அது போய்விட்டது என்று அறிகிறோம்.

முரானுஃபிலும் ஒருவர் புள்ளியிடத்தான் முயன்றார் என்பதே கொடுமை. போக்தான் லாகெர்ட் என்ற கட்டடக் கலைஞர். மலைபோல் கிடந்த இடிபாட்டை அகற்ற வழியில்லை. அதை மேடாக நிரவி, அதே செங்கல் துகளைச் சிமெண்டில் குழைத்துக் கட்டிகளாக வார்த்து, அந்த மேடுகளின் மேலேயே குடியிருப்புகளை எழுப்பினார். சுவர்களுக்குப் பூச்சு வேண்டாம் என்றார். செந்நிறமும் சாம்பலும் கலந்த அந்தச் சுவர்களே இறந்தவர்களின் நினைவாக இருக்கட்டும் என்பது அவர் எண்ணம். 1948இல் திறந்த நாதன் ராபபோர்ட்டின் கெட்டோ வீரர் நினைவுச்சின்னத்துக்கு அந்தக் குடியிருப்பு முழுவதுமே பின்னணியாக நின்றிருக்கும்.

விடவில்லை. களையற்று இருக்கிறது, சோர்வு தருகிறது, சோஷலிச எதிர்காலத்துக்கு ஒவ்வாது என்றார்கள். 1950களின் தொடக்கத்தில் சுவர்களைப் பூசி, வெள்ளையடித்து, பூவேலையும் செய்தார்கள். ஆகவே என் புகார் இதுதான்: பழைய நகரில் செங்கல்மேல் செங்கல் அடுக்கியது பொய்யன்று. முரானுஃபில் சுவருக்குப் பூசினார்களே ஒரு பூச்சு, அதுதான் பொய். அந்தப் பூச்சைப் பற்றி நம் பயணிகள் ஒருவர்கூட ஒரு வரி எழுதவில்லை. ஏனென்றால் முரானுஃப் பார்ப்பதற்குச் ‘சாதாரணமாக’ இருக்கிறது. படமெடுக்க ஒன்றுமில்லை. 1981இல் எரிக்கப்பட்ட யாழ்ப்பாண நூலகத்தைப் பின்னர் மீண்டும் எழுப்பி வெள்ளையடித்தபோது, எரிந்த சுவர்களை அப்படியே விடுங்கள் என்று சொன்னவர்களின் குரல் எனக்கு இங்கேதான் முழுமையாக விளங்கியது.

நியாயத்துக்காக இன்னொன்றும் சொல்லவேண்டும். பிந்தைய தலைமுறை புள்ளியிடத் தொடங்கியிருக்கிறது. 2008இல் கெட்டோச் சுவர் ஓடிய தடம் நெடுக, நடைபாதைகளில் வார்ப்பிரும்புப் பட்டைகளைப் பதித்திருக்கிறார்கள். எளிய பட்டைகள். போலந்து யூதர்களின் ஆயிரமாண்டு வரலாற்றைச் சொல்லும் ‘போலின்’ அருங்காட்சியகத்தின் நிரந்தரக் காட்சி, நினைவுச்சின்னத்துக்கு எதிரிலேயே 2014இல் திறக்கப்பட்டது. அதற்குள் ஒருநாள் முழுவதும் இருந்தேன். அதைப் பற்றித் தனியாக எழுதவேண்டும்.

அங்கிருந்து வெளியே வந்தபோது மாலையாகிவிட்டது. என் மாணவன் வேலை முடிந்து வந்து காத்திருந்தான். அவன் வாடகைக்கு இருக்கும் வீடு அங்கிருந்து இரண்டு தெரு தள்ளித்தான், முரானுஃபில்தான் குடியிருக்கிறான். அந்த ஒன்பது நாளும் நான் தங்கியதும் அங்கேதான். தெருவிலிருந்து அவன் குடியிருப்பு முற்றத்துக்குப் போகச் சில படிகள் ஏறவேண்டும். தினமும் ஏறி இறங்கிய படிகள். அன்று ஏறும்போது நின்று, தெருமட்டத்தையும் முற்றத்தின் மட்டத்தையும் மாறிமாறிப் பார்த்தேன்.

“என்ன சார், முட்டி வலியா?”

“இல்லப்பா. தெரு கீழ இருக்கு, வீடு மட்டும் ஏன் இவ்வளவு மேல இருக்குன்னு யோசிச்சிருக்கியா?”

“ஏதோ மேடு சார். மழைத்தண்ணி நிக்காம இருக்கக் கட்டியிருப்பாங்க.”

சொன்னேன். அவன் கையில் பால் பொட்டலமும் ரொட்டியும் இருந்த பை. அதைக் கீழே வைக்காமலேயே நின்று கேட்டான். பிறகு கீழே இறங்கிப் போய், எண்ணிக்கொண்டே மறுபடி ஏறி வந்தான். எத்தனை என்று நானும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. இரவு சாப்பிடும்போது, க்ராகோவ் டிக்கெட்டை அடுத்த வாரத்துக்கு மாற்றிக்கொள்ளலாமா என்று மட்டும் கேட்டான். அடுத்த வாரம் நான் ஊரில் தேர்வு மேற்பார்வைக்கு இருக்கவேண்டும் என்றேன்.